அத்தை மூச்சு வாங்கும் ஏழு இடங்கள்

மதிப்புக்குரிய என் அத்தைக்கு, உங்கள் தம்பி மகள் வணக்கத்தோடும் நிறையக் கூச்சத்தோடும் எழுதுவது:

இந்தக் கடிதத்தில் நடந்ததை நடந்தபடியே, எதையும் கூட்டாமல், எதையும் குறைக்காமல், எனக்கு அவமானமான இடங்களைக்கூட விடாமல் உண்மையாகப் பதிவு செய்யப் போகிறேன். இங்கே எனக்கும் அப்பாவுக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. அங்கே உங்கள் இரண்டு முழங்காலும், முக்கியமாக அந்த இடது முழங்கால், வீக்கம் வடிந்து சொன்ன பேச்சைக் கேட்டு நடக்க வேண்டும் என்பதே எங்கள் விருப்பம். இதை உங்களுக்குப் படித்துக் காட்டப் போகிற நர்ஸ் அக்காவுக்கும் என் வணக்கம். நர்ஸ் அக்கா, தயவுசெய்து எதையும் தாண்டிப் போகாதீர்கள். அத்தைக்கு வருத்தமாக இருக்கும் என்று தோன்றுகிற இடத்தில் கொஞ்சம் மெதுவாகப் படித்தால் போதும்.

ஐந்து சனிக்கிழமைகளாக நான் வரவில்லை. முதல் சனிக்கிழமை மழை என்று நினைத்திருப்பீர்கள். இரண்டாவதற்குப் பரீட்சை என்று. மூன்றாவதற்குப் பிறகு நீங்கள் என்ன நினைத்திருப்பீர்கள் என்று யோசித்தால் எனக்குச் சோறு இறங்குவதில்லை. பெண் எட்டாம் வகுப்புக்குப் போய்விட்டாள், தலையைத் தானே வாரிக்கொள்கிறாள், இனிமேல் கிழவி எதற்கு என்று இருந்துவிட்டாள் என நினைத்திருந்தால், அது சத்தியமாக அப்படி இல்லை. தலையை நானேதான் வாரிக்கொள்கிறேன், வகிடு கோணலாகத்தான் வருகிறது. போனில் சொல்லலாம் என்றால் உங்கள் பக்கம் சிக்னல் இல்லை. நாம் இரண்டு பேரும் பேசுகிற அளவுக்குச் சிக்னல் கிடைப்பது மேட்டு உச்சியில் மட்டும்தான். இப்போது அந்த மேட்டு உச்சிக்குத்தான் யாரும் போகக் கூடாது. ஏன் போகக் கூடாது என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். காரணம் நான்தான் என்பதையும் சேர்த்து.

கடிதத்தில் முதலில் பின்னணி எழுத வேண்டும் என்று பள்ளிக்கூட நூலகத்தில் இருக்கிற அட்டை கிழிந்த கடிதப் புத்தகத்தில் போட்டிருக்கிறது, அதனால் உங்களுக்குத் தெரிந்ததையே எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். எங்கள் குடியிருப்பும் உங்கள் குடியிருப்பும் ஒரே காட்டின் இரண்டு பக்கம். நடுவில் மேடு. பாதை வழியாக நடந்தால் இரண்டரை மணி நேரம், நீங்கள் நடந்தால் நாலு. பஸ்ஸில் சுற்றி வந்தால் மூன்று பஸ் மாறி, நடுவில் ஒரு ராத்திரி பஸ் நிலையத்தில் உட்கார்ந்து, மறுநாள் மத்தியானம். எனக்கு நாலு வயதில் அம்மா இறந்த பிறகு எட்டு வருடம் நீங்கள் ஒன்றுவிட்ட சனிக்கிழமைதோறும் அந்தப் பாதையில் வந்து எனக்கு எண்ணெய் வைத்து, பேன் பார்த்து, அப்பாவைத் திட்டி, அடுத்த நாள் திரும்பிப் போனீர்கள். முழங்கால் வீங்கின பிறகு போன வருடத்திலிருந்து சனிக்கிழமைதோறும் நான் வந்தேன். பின்னணி முடிந்தது.

நாலு மாதத்துக்கு முன்னால் எங்கள் சமூகக் கூடத்தில் ஒரு கூட்டம் போட்டார்கள். நம் காட்டைப் பாதுகாக்கப்பட்ட மழைக்காடாக அறிவித்திருக்கிறார்கள் இல்லையா, அதை அடுத்த முப்பது வருடம் எப்படிப் பார்த்துக்கொள்வது என்று திட்டம் போட வேண்டுமாம், அதைக் காட்டோரம் இருக்கிற மக்களைக் கேட்டுத்தான் போட வேண்டும் என்று விதி வந்திருக்கிறதாம். ரேஞ்சர் ஐயாவும், கூடவே திட்ட அலுவலகத்திலிருந்து ஒரு அக்காவும் வந்தார்கள். அந்த அக்கா பெரிய வரைபடம் ஒன்றைப் பாய் மாதிரி சுருட்டித் தோளில் வைத்துக்கொண்டு வந்ததால் அன்றையிலிருந்து எல்லோருக்கும் அவர் படத்து அக்கா. நல்லவர். என்னிடம் என்ன புத்தகம் படிக்கிறாய் என்று கேட்டு, பதிலை முழுக்க நின்று கேட்டார், அப்படிக் கேட்பவர்கள் குறைவு. கூட்டத்தில் நடப்பதை எழுத ஆள் வேண்டும் என்றதும் கடைக்கார மாமா என்னைக் காட்டி, "எங்க வாத்தியாரம்மா இருக்காங்கல்ல, தும்மினாக்கூட எழுதி வச்சுக்கும்" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. அவமானமான இடங்களில் இது முதலாவது.

படத்தைத் தரையில் விரித்தார்கள். கூடத்தின் பாதி அளவு இருந்தது. நாலு மூலைக்கும் நாலு தண்ணீர் பாட்டிலை வைத்தார்கள். ஆளுக்கு ஐந்து பச்சைப் பொட்டு கொடுத்தார்கள், ஒட்டுகிற பொட்டு, சட்டைப் பொத்தான் அளவு. படத்து அக்கா சொன்னது இது, அப்படியே குறித்து வைத்திருக்கிறேன்: "உங்களுக்கு ரொம்ப ரொம்ப முக்கியமான இடம் எதுவோ அங்க ஒட்டுங்க. முப்பது வருஷம் கழிச்சும் அது அப்படியே இருக்கணும்னு நீங்க நினைக்கிற இடம். ஒவ்வொரு பொட்டுக்கும் பக்கத்துல அது என்ன இடம்னு ஒரு வரி எழுதுங்க. வெக்கப்படாம ஒட்டுங்க, இது உங்க காடு."

யாரும் அசையவில்லை. பிரம்பு வெட்டுகிறவர்கள் எல்லாம் சுவரோடு சுவராக நின்றார்கள். ரேஞ்சர் ஐயா, "நீங்க எந்தப் பக்கம் போறீங்களோ அதைக் காட்டுங்கப்பா, பயப்பட ஒண்ணுமில்ல" என்றார்.

"நாங்க எங்கங்க காட்டுக்குப் போறோம். வீட்டோட இருக்கிறவங்க."

"அப்ப வெளிய சாத்தி வச்சிருக்கே பிரம்புக் கட்டு, அது?"

கொஞ்ச நேரம் எல்லோரும் யோசித்தார்கள். "அது ரொம்ப நாளா அங்கதான் இருக்குங்க" என்றார் ஒருவர்.

பிறகு ஒவ்வொருவராக வந்து, தண்ணீர்த் தொட்டி மேலே ஒன்று, பள்ளிக்கூடத்தின் மேலே ஒன்று, பந்து விளையாடுகிற திடலில் எட்டு என்று ஒட்டினார்கள். கடைக்கார மாமா ஒரே ஒரு பொட்டை எடுத்துத் தன் கடைமேல் ஒட்டி, "முப்பது வருஷம் இது இப்படியே இருக்கணும். கூரையை மட்டும் மாத்திக் கொடுங்க" என்றார். காட்டின் நடுப்பகுதி மட்டும் வெறுமையாகக் கிடந்தது. அங்கே கை எட்டாது, படத்தின் மேல் ஏறித்தான் போக வேண்டும், காட்டை மிதிக்கிறவர்கள் படத்தை மிதிக்கப் பயந்தார்கள். அப்பாவும் ஒட்டவில்லை. ஐந்து பொட்டையும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "எல்லாத்தையும் காட்டிக் கொடுத்துட்டா நமக்குன்னு என்ன இருக்கும்" என்று என் காதோடு சொன்னார்.

எனக்கு அது நியாயமாகப் படவில்லை அத்தை. கேட்கிறவர்கள் மரியாதையாகக் கேட்கும்போது நாமும் மரியாதையாக உண்மையைச் சொல்ல வேண்டாமா? முப்பது வருடம் கழித்து யாராவது அந்தப் படத்தைப் பார்த்தால், இந்த ஊர்க்காரர்களுக்குக் காட்டில் முக்கியமாக எதுவுமே இல்லை, பந்து மட்டும்தான் என்று நினைக்க மாட்டார்களா? நான் அப்பாவின் ஐந்தை வாங்கிக்கொண்டேன். கடைக்கார மாமாவின் மீதி நாலையும் கேட்டு வாங்கினேன். தாளில் மிச்சமிருந்த ஒன்பதைப் படத்து அக்கா கொடுத்தார். என் ஐந்தோடு சேர்த்து இருபத்து மூன்று. செருப்பைக் கழற்றிவிட்டு, கால் கழுவி, துடைத்து, படத்தின் மேல் தவழ்ந்து போனேன்.

நம் பாதை அதில் இல்லை. ஓடை இருந்தது, மேடு இருந்தது, பாதைக்கு ஒரு கோடுகூட இல்லை. உங்கள் வீடும் இல்லை. படம் மேட்டு உச்சியோடு வெட்டுப்பட்டு நின்றுவிட்டது. அதனால் எங்கள் வீட்டிலிருந்து தாளின் விளிம்பு வரைக்கும் நான் பொட்டாலேயே பாதையைப் போட்டேன். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் பென்சிலால் எழுதினேன். மரம் விழுந்து பாலமான இடம். அட்டைக்குப் பயந்து ஓடும் இடம். இருவாச்சி கூடு கட்டும் பொந்து. அம்மாவுக்கு என்ன காய்ச்சல் என்று அத்தை சொன்ன இடம். நான் வாந்தி எடுத்த இடம். நீங்கள் எங்கள் வீட்டிலிருந்து திரும்பிப் போகும்போது நானும் உச்சி வரைக்கும் கூட வருவேன் இல்லையா, அந்த ஏற்றத்தில் நீங்கள் எங்கெங்கே நிற்பீர்கள் என்று எனக்கு மனப்பாடம். அதையும் எழுதினேன். அத்தை முதல் தடவை மூச்சு வாங்கும் இடம். அத்தை இரண்டாம் தடவை மூச்சு வாங்கும் இடம். இப்படி ஏழு.

எழுந்து பார்த்தபோது படத்தின் நடுவில் ஒரு பச்சைச் சங்கிலி. படத்து அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. "இதுதாம்மா உண்மையான பங்கேற்பு" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். அப்பா மட்டும் தட்டவில்லை, அவர் தூங்கிவிட்டார்.

அன்று சாயங்காலம் கூட்ட நடவடிக்கையை நல்ல தாளில் எழுதினேன். கடிதப் புத்தகத்தில் கூட்ட நடவடிக்கை எப்படி முடிய வேண்டும் என்று ஒரு மாதிரி இருந்தது. அதைப் பார்த்து, 'மேற்கண்டவற்றை ஊரார் அனைவரும் ஒருமனதாக ஏற்றுக்கொண்டனர்' என்று எழுதி முடித்தேன். உண்மையில் மழை விட்டதும் பாதிப் பேர் போய்விட்டார்கள், இருந்தவர்களிலும் அப்பா தூக்கத்தில்தான் இருந்தார். ஆனால் அது கடிதத்தின் அடியில் 'தங்கள் கீழ்ப்படிதலுள்ள' என்று போடுகிற மாதிரி ஒரு மரியாதை வாக்கியம் என்று நினைத்தேன். வாழ்க்கையில் நான் எழுதிய ஒரே பொய் அது அத்தை, அதையும் அழகான கையெழுத்தில் எழுதிவிட்டேன்.

மூன்று மாதம் கழித்துத் திட்டத்தைப் புத்தகமாக அடித்துக்கொண்டு வந்தார்கள். கூடத்தில் எல்லா நாற்காலியும் நிரம்பியது. சுவரில் புதுப் படம் மாட்டினார்கள். எங்கும் இளம் பச்சை, நடுவில் மட்டும் பெரிய பலாப்பழம் மாதிரி அடர் பச்சை. படத்து அக்கா சந்தோஷமாக விளக்கினார். பொட்டு எங்கே குறைவோ, அங்கே மக்கள் வழக்கம்போல் போகலாம், பிரம்பு வெட்டலாம், தேன் எடுக்கலாம். பொட்டு எங்கே நெருக்கமோ, அது மக்கள் உயிராக மதிக்கிற இடம், அதனால் அதற்கு உச்சப் பாதுகாப்பு. உச்சப் பாதுகாப்பு என்றால் மனித நடமாட்டம் கிடையாது. முப்பது வருடத்துக்கு.

பிரம்பு வெட்டுகிறவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்கள் போகிற இடம் எல்லாம் இளம் பச்சை. வாயைத் திறக்காததால் அவர்களுக்கு எல்லாம் கிடைத்துவிட்டது. ஒற்றைப் பொட்டைக் கம்ப்யூட்டர் கணக்கில் எடுக்கவில்லை என்பதால் கடைக்கார மாமாவின் கடையும் தப்பியது, கூரைதான் கிடைக்கவில்லை. எனக்குக் காதில் ஓடை ஓடுகிற மாதிரி சத்தம் கேட்டது. அந்த அடர் பச்சையில் இருந்தது நம் பாதை.

அதற்குள் ரேஞ்சர் ஐயா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, 'உள்ளூர் நம்பிக்கைகள்' என்கிற அத்தியாயத்தை வாசிக்க ஆரம்பித்துவிட்டார். நர்ஸ் அக்கா, இதை அத்தைக்கு நிறுத்தி நிதானமாகப் படியுங்கள். "இவ்வூர் மக்கள் அத்தை எனப்படும் வனதேவதையைத் தொன்றுதொட்டு வழிபட்டு வருகின்றனர். தேவதை இளைப்பாறும் புனிதத் தலங்கள் ஏழும் மேட்டின் சரிவில் அமைந்துள்ளன."

கடைக்கார மாமா அப்பாவின் பக்கம் சாய்ந்தார். "உங்க அக்காவா?"

அப்பா கொஞ்சம் யோசித்தார். "ஏழுதானா? ஒன்பது இருக்குமே."

நான் எழுந்து நின்றேன். "ஐயா, அத்தை தெய்வம் இல்லைங்க. எங்க அத்தைங்க. அவங்களுக்கு முழங்கால் வலி. அதனால அங்கங்க நிப்பாங்க."

ரேஞ்சர் ஐயா சிரித்தார், கேலியாக இல்லை, அன்பாகத்தான். "எல்லா ஊர்லயும் தெய்வத்தை உறவு சொல்லித்தாம்மா கூப்பிடுவாங்க."

"இல்லைங்க ஐயா. அவங்க உயிரோட இருக்காங்க."

"நம்பறவங்களுக்கு உயிரோடதாம்மா இருப்பாங்க."

அப்பா எழுந்தார். அப்பா கூட்டத்தில் எழுந்து நின்று நான் பார்த்ததே இல்லை. துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, "சார், அவ என் கூடப் பிறந்தவ. போன மாசம்கூட என்னைத் திட்டினா" என்றார். ரேஞ்சர் ஐயா கூட வந்திருந்த உதவியாளரிடம் திரும்பி, "பார்த்தியா, எவ்வளவு நெருக்கமான நம்பிக்கை, இதையும் குறிச்சுக்கோ" என்றார். கூடம் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன் அத்தை, அதை மறைக்கக் கூடாது. சிரித்து முடிக்கும்போதுதான் அழுகை வந்தது, இரண்டும் ஒரே கதவு வழியாக வருகிற மாதிரி இடித்துக்கொண்டு வந்தன.

பிறகு நான் தேம்பிக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். பொட்டு ஒட்டினது அங்கே போவதற்காக, போகாமல் இருப்பதற்காக இல்லை என்றேன். நமக்கு முக்கியமான இடம் என்றால் நாம் போய்க்கொண்டே இருக்கிற இடம்தானே என்றேன். படத்து அக்காவின் முகம் மாறியது. அவர் ரேஞ்சர் ஐயாவிடம் தனியாக ஏதோ பேசினார். ரேஞ்சர் ஐயாவும் கெட்டவர் இல்லை, அவர் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்து, கோப்பைத் திறந்து, என் கூட்ட நடவடிக்கையைக் காட்டினார். "இது உன் கையெழுத்துதானேம்மா?"

"ஆமாங்க."

"ஊரார் அனைவரும் ஒருமனதாக. அப்படித்தானே போட்டிருக்க? மேல கையெழுத்தாகி, முத்திரை விழுந்து, அச்சாயிடுச்சு. இப்ப போய் ஒரு வீட்டுக்காக மாத்தினா, ஊர் கேட்டதை அரசாங்கம் மாத்திருச்சுன்னு ஆயிடும். பத்து வருஷத்துல ஒரு மறுபரிசீலனை இருக்கு. அப்ப கட்டாயம் சொல்லு. இதே மாதிரி அழகா எழுதிக் கொண்டா."

பத்து வருடத்தில் எனக்கு இருபத்து மூன்று, உங்களுக்கு எழுபத்தொன்று. முப்பது வருடத்தில் எனக்கு நாற்பத்து மூன்று, உங்களுக்குத் தொண்ணூற்றொன்று. இரண்டு கணக்கையும் அந்தக் கோப்பின் மேலேயே விரலால் போட்டுப் பார்த்தேன். அன்றைக்கே எனக்கு ஒரு சான்றிதழும் கொடுத்தார்கள், 'சிறந்த இளம் பங்கேற்பாளர்' என்று. அப்பா அதை அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்திருக்கிறார், அவர் பார்க்க வேண்டாம் என்றா, நான் பார்க்க வேண்டாம் என்றா தெரியவில்லை.

இதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. பாதை தொடங்குகிற இடத்தில் அறிவிப்புப் பலகை நட வேண்டும், அதில் எழுத நல்ல கையெழுத்து வேண்டும் என்று ஆள் அனுப்பினார்கள். மாட்டேன் என்று சொல்லத்தான் போனேன். போய்ப் பார்த்தால், வேறொருவர் 'உள்ளே செள்ளக்கூடாது' என்று சுண்ணாம்புக் கட்டியால் மாதிரி எழுதி வைத்திருந்தார். முப்பது வருடம் அந்த எழுத்துப்பிழை அங்கே நிற்கும் என்று நினைத்தபோது என்னால் தாங்க முடியவில்லை. நானே வாங்கி எழுதினேன். 'தயவுசெய்து' என்று ஒரு வார்த்தை சேர்த்தேன், அதை யாரும் கவனிக்கவில்லை. குழி தோண்டுகிற வேலையை உள்ளூர் ஆளுக்குத்தான் கொடுக்க வேண்டும் என்றும் ஒரு விதியாம். அப்பாவைக் கூப்பிட்டார்கள். பாதைக்கு நட்ட நடுவில் தோண்டச் சொன்னார்கள். அப்பா, நடுவில் பாறை இருக்கிறது என்று சொல்லி, ஒரு ஆள் தாராளமாகப் போகிற அளவு இடம் விட்டு ஓரமாகத் தோண்டினார். நடுவில் பாறை எதுவும் இல்லை.

பலகையை நட்டு, மண்ணை மிதித்து, கடப்பாரையைத் துடைத்துவிட்டு அப்பா, "வா பாப்பா, போலாம்" என்றார். சொல்லிவிட்டு, பழக்கத்தில், வீட்டுப் பக்கம் திரும்பாமல் பாதைக்குள் நடந்தார். நாலு எட்டு வைத்திருப்பார். அப்புறம் நின்றார். அங்கேயே கொஞ்ச நேரம் முதுகைக் காட்டிக்கொண்டு நின்று, ஒரு காய்ந்த இலையைக் குனிந்து எடுத்து, எதற்காகவோ பார்த்துவிட்டு, திரும்பி வந்தார். அன்று முழுவதும் என்னைத் திட்டுவார், திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. ராத்திரி சாப்பிடும்போது, "உங்க அத்தை இருந்திருந்தா ரெண்டு பேரையும் சேர்த்துத் திட்டியிருப்பா" என்று மட்டும் சொன்னார்.

திருட்டுத்தனமாக வரலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். மரங்களில் கேமரா கட்டியிருக்கிறார்கள். மிருகங்களை எண்ணுவதற்காம். என் முகம் அதில் விழுந்தால் அப்பாவின் பிரம்பு அனுமதி போய்விடும். அதனால் வருடத்துக்கு இரண்டு தடவை, பள்ளிக்கூட விடுமுறையில், மூன்று பஸ் மாறி வருவேன். உங்களால் பஸ்ஸில் அவ்வளவு நேரம் முழங்காலை மடக்கி உட்கார முடியாது என்று தெரியும், நீங்கள் வர வேண்டாம். மிச்சமிருக்கிற ஐம்பது சனிக்கிழமைகளுக்கும் இப்படிக் கடிதம் எழுதுகிறேன். நாலு நாளில் வந்து சேருமாம்.

அத்தை, உங்களை யாரும் என்னிடமிருந்து பிரிக்கவில்லை. நானே பொட்டு ஒட்டி, நானே எழுதி, நானே ஒருமனதாக ஏற்று, நானே பலகையும் எழுதினேன். எல்லோரும் கொஞ்சம் மறைத்தார்கள், அவர்களுடையது எல்லாம் பத்திரமாக இருக்கிறது. நான் ஒன்றையும் மறைக்கவில்லை. என்னை மன்னித்துவிட்டேன் என்று நர்ஸ் அக்காவிடம் சொல்லி ஒரு வரி எழுதி அனுப்புங்கள். அப்படி மன்னிக்க முடியாவிட்டால், இன்னும் கோபமாக இருக்கிறேன் என்று ஒரு வரி எழுதி அனுப்புங்கள். எதுவானாலும் ஒரு வரி.

தைலத்தைத் தவறாமல் தேயுங்கள். வெந்நீர் ஒத்தடம் காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. உங்கள் கோழிகள் ஏழுக்கும், முக்கியமாக என்னைக் கொத்துகிற அந்தச் சிவப்புக் கோழிக்கும் என் விசாரிப்பு. உங்கள் காலைத் தொட்டு வணங்கி, வீங்கின பக்கம் அழுத்தாமல், எழுந்து கொள்கிறேன்.

இப்படிக்கு,
எல்லாவற்றுக்கும் பொறுப்பான,
உங்கள் தம்பி மகள்

பி.கு.: நர்ஸ் அக்கா, மேலே உள்ளதை இன்னும் படித்துக் காட்டவில்லை என்றால் படிக்க வேண்டாம், இதை மட்டும் படியுங்கள். படித்துவிட்டீர்கள் என்றால், அதில் நான் கேட்ட மன்னிப்பை முழுவதும் திரும்ப வாங்கிக்கொள்கிறேன் என்று அத்தையிடம் சொல்லுங்கள்.

இன்று வெள்ளிக்கிழமை. படத்து அக்கா கூடத்தில் இருக்கிற பழைய படங்களைத் திரும்ப எடுத்துப் போக வந்தார். இந்தக் கடிதத்தை அவரிடம் கொடுத்தால் சீக்கிரம் போகும் என்று எடுத்துக்கொண்டு ஓடினேன். அவர் படத்தைச் சுருட்டும்போது நான் முனையைப் பிடித்தேன். பக்கத்தில் இன்னொரு சுருள் இருந்தது. இது எது என்றேன். "அது மேட்டுக்கு அந்தப் பக்கம். அங்கயும் கூட்டம் போட்டோம்ல, உங்க கூட்டத்துக்கு அடுத்த வாரம். அது வேற ரேஞ்சு, அதனால வேற தாள்" என்றார்.

அத்தை, உங்கள் ஊரிலும் கூட்டம் நடந்ததென்று நீங்கள் என்னிடம் சொல்லவே இல்லை.

பிரித்துக் காட்டச் சொன்னேன். இரண்டு தாளையும் தரையில் விரித்து மேட்டு உச்சியில் விளிம்போடு விளிம்பாகச் சேர்த்தோம். இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்ப்பது அவருக்கும் இதுதான் முதல் தடவையாம். உங்கள் ஊர்க்காரர்களும் தண்ணீர்த் தொட்டியிலும் திடலிலும்தான் ஒட்டியிருக்கிறார்கள். ஆனால் உங்கள் வீட்டிலிருந்து ஒரு வரிசை கிளம்பி, கோணலும் மாணலுமாக, ஒன்றின்மேல் ஒன்று ஏறி, சில இடத்தில் ஓரம் சுருண்டு, உச்சி வரைக்கும் வருகிறது. பத்தொன்பது. பக்கத்தில் படத்து அக்காவின் கையெழுத்து. "ஒரு அம்மா ஒவ்வொண்ணா சொல்லச் சொல்ல நான் எழுதினேன். மத்தவங்க ஒட்டாம வச்சிருந்ததையும் கேட்டு வாங்கிக்கிட்டாங்க. படத்து மேல தவழ முடியாதுன்னு நாலு பேரை விட்டுத் தாளைத் தன் பக்கம் இழுக்க வச்சு ஒட்டினாங்க" என்றார்.

பாப்பா செருப்பைத் தொலைத்த இடம். பாப்பா தூங்கிப்போய் நான் தூக்கிக்கொண்டு வந்த இடம். பாப்பா நூறு கேள்வி கேட்ட இடம். பாப்பா வரும்போது தலை தெரிகிற இடம். தலை தெரிகிறதா என்று நான் நின்று பார்க்கிற இடம்.

படத்து அக்கா இரண்டு வரிசையையும் விரலால் எண்ணினார். அப்புறம் சொன்னார். இரண்டு தாளின் கணக்கும் கம்ப்யூட்டரில் ஒன்றாகத்தான் ஏறியதாம், நாற்பது பொட்டு சேர்ந்தால்தான் அது அடர் பச்சை போடுமாம். முப்பத்தொன்பது என்றால் இளம் பச்சைதான், யாரும் போகலாம், வரலாம். அதற்கு வரிசையெல்லாம் தெரியாது, எண்ணிக்கை மட்டும்தான் தெரியும். என் இருபத்து மூன்று தனியாக மூடியிருக்காது. உங்கள் பத்தொன்பதும் மூடியிருக்காது. இரண்டும் சேர்ந்து நாற்பத்திரண்டு.

இந்த இரண்டு தாளையும் ஒன்றாகப் படம் எடுத்து மேலே அனுப்புகிறேன் என்று படத்து அக்கா சொன்னார். பதில் வரும் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

நம் இரண்டு பேரில் யாராவது ஒருவர் மூன்றை ஒட்டாமல் விட்டிருந்தால் போதும். நான் தரையில் உட்கார்ந்து என் பக்கத்தில் மூன்றைத் தேடினேன். வாந்தி எடுத்த இடத்தை விடலாம் என்று நினைத்தேன், ஆனால் அப்போது நீங்கள் முந்தானையால் என் வாயைத் துடைத்தீர்கள். உங்கள் பக்கத்திலும் தேடினேன். முதலிலிருந்து ஒருமுறை, கடைசியிலிருந்து ஒருமுறை. இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். படத்து அக்கா வண்டியில் காத்திருக்கிறார். கூடத்தைப் பூட்ட வந்தவர் இரண்டு தடவை இருமிப் பார்த்துவிட்டு, விளக்கை அணைத்துவிட்டார்.